கால்வாய்க்கரையில் ஒரு நாற்காலி போடுங்கள்: இளம் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லைச் சீமையில் கால்வாய், குளம், அணைக்கட்டு என்று ஏதாவது ஒன்றின் பொறுப்புக்கு வந்திருக்கிற, இனி வரப்போகிற இளம் பொறியாளர்களுக்கு வணக்கம்.

தம்பி, தங்கச்சி என்று உங்களைக் கூப்பிடும் வயசுதான் எனக்கு. ஆனால் நீங்கள் அதிகாரிகள், நான் மூலைக்கரைப்பட்டிப் பக்கத்துச் சம்சாரி, அதனால் மரியாதையோடே எழுதுகிறேன். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசி வரைக்கும் இழுத்தால் பாதியிலேயே எழுந்து போய்விடுவீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் உங்கள் கால்வாய்க்கரையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வேண்டும், வருகிறவன் சொல்வதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான். லீவு நாளிலும் வேலையா என்று முகம் சுளிக்காதீர்கள், அதற்குப் பதிலாக வேறொரு நாள் லீவு எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் பனாமா கால்வாயை வெட்டிய ஒரு ராணுவப் பொறியாளர் இதைத்தான் செய்தார். அவர் கதையைச் சொல்லத்தான் இந்த மடல்.

ராணுவப் பொறியாளர் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஆர்தர் காட்டனும் பென்னிகுவிக்கும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். பென்னிகுவிக் பிறந்த நாளுக்குத் தேனிப் பக்கம் பொங்கலே வைக்கிறார்கள், அவருக்கு மாலை போட ஆள் நிறைய உண்டு. நம்ம ஜில்லாவில் அப்படியெல்லாம் கிடையாது. திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஆற்றின் மேல் 1843-ல் கட்டி முடித்த பாலத்துக்குக் காசு போட்ட சிரஸ்தார் சுலோச்சன முதலியார் பெயரைத்தான் இன்றைக்கும் சொல்கிறோம், அதற்கு வரைபடம் போட்டவர் யாரென்று வண்ணாரப்பேட்டையில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள், ஒருவருக்கும் தெரியாது. பொறியாளர் பிழைப்பு அப்படித்தான் போலிருக்கிறது. சரி, நான் சொல்ல வந்தவர் இவர்களில் யாருமில்லை. ஜார்ஜ் வாஷிங்டன் கோதல்ஸ். பனாமா கால்வாயைக் கட்டி முடித்தவர்.

1858 ஜூன் 29-ம் தேதி நியூயார்க்கில், புரூக்ளின் பகுதியில் பிறந்தார். பெல்ஜியத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், அப்பா தச்சுவேலை செய்தவர். டாக்டராக வேண்டும் என்றுதான் பையனுக்கு ஆசை. அது நடக்கவில்லை, வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் இடம் கிடைத்தது, 1880-ல் வகுப்பில் இரண்டாவதாகத் தேறி ராணுவத்தின் பொறியாளர் பிரிவுக்குப் போனார். போர்முனைக்குப் போகிற ஆள் இல்லை இவர். அமெரிக்காவில் ஆறுகளை ஆழப்படுத்துவது, அணை கட்டுவது, படகு போகக் கால்வாய் வெட்டுவது எல்லாம் அந்தப் பிரிவின் வேலை. வாழ்க்கையில் பாதி நாள் அவர் சேற்றிலும் தண்ணீரிலும்தான் நின்றார்.

இங்கே உங்களுக்காக ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஒகையோ ஆற்று வேலைக்கு இவரை அனுப்பியபோது அங்கே மெரில் என்ற மூத்த அதிகாரி இருந்தார். இவர் வெஸ்ட் பாயிண்டில் இரண்டாவது ரேங்க், லெப்டினன்ட் வேறு. மெரில் என்ன செய்தார் தெரியுமா? நேராக மேஜையில் உட்கார வைக்கவில்லை. சர்வேயில் அளவுகோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாக ஆரம்பிக்கச் சொன்னார். நம்ம ஊரில் ஸ்டாஃப் பிடிக்கிற பையன் என்போமே, அதே வேலை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலே வந்து மேஸ்திரி வேலை வரைக்கும் பார்த்தார். படித்த படிப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஆனால் லெவல் எடுக்கிறவன் சொல்கிற எண்ணில் எங்கே பொய் நுழையும், கான்கிரீட் போடுகிறவன் எந்த நேரத்தில் அவசரப்படுவான் என்பதெல்லாம் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. நீங்கள் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மாசமாவது மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் கூடவே நடந்திருக்கிறீர்களா? ஷட்டர் சாவியைக் கையில் வாங்கித் திருகிப் பார்த்திருக்கிறீர்களா? குறை சொல்லக் கேட்கவில்லை. திருகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், துரு ஏறிய மதகில் அரை அடி ஏற்றுவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும், அதற்குள் கீழ்மடைக்காரன் சைக்கிளில் வந்து நின்று, "போதும் வே, எங்களுக்கும் கொஞ்சம் விடும்" என்பான்.

அப்புறம் டென்னசி ஆற்றில் மசில் ஷோல்ஸ் கால்வாய் வேலை. அதற்கடுத்த கால்வாய்க்கு ரிவர்ட்டன் என்ற இடத்தில் ஒரே பூட்டில் படகை 26 அடி தூக்கிவிடலாம் என்று இவர் திட்டம் போட்டார். பூட்டு என்றால் கதவு போட்ட தண்ணீர்த் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கதவை மூடித் தண்ணீரை நிரப்பினால் படகு மேலே ஏறும், வடித்தால் இறங்கும். அந்தக் காலத்தில் அவ்வளவு உயரத்தை ஒரே மூச்சில் யாரும் தூக்கியதில்லை. மேலதிகாரிகள் யோசித்தார்கள், இவர் விடவில்லை. பின்னாளில் பனாமாவில் கப்பல்களை 85 அடி தூக்கியதற்கு ஒத்திகை இங்கேதான் நடந்தது என்று சொல்லலாம்.

பனாமா கதை பாதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். சூயஸ் வெட்டிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ் 1881-ல் இறங்கினார். கடல்மட்டத்துக்கே வெட்டிவிடுவேன் என்றார், மலையும் சாக்ரஸ் ஆறும் மஞ்சள் காய்ச்சலும் சேர்ந்து எட்டு வருஷத்தில் கம்பெனியையே விழுங்கிவிட்டன. செத்தவர்கள் இருபதாயிரத்துக்கு மேல் என்கிறார்கள். 1904-ல் அமெரிக்கா கையில் எடுத்தது. முதல் தலைமைப் பொறியாளர் வாலஸ் ஒரு வருஷத்தில் ராஜினாமா. அடுத்து வந்த ஸ்டீவன்ஸ் ரயில்வேக்காரர், கெட்டிக்காரர். மண்ணை அள்ள ரயில்பாதை போட்டு, வேலையாட்களுக்கு வீடு கட்டி, மருத்துவர் கோர்காஸ் கொசுவை ஒழிக்கக் கேட்டதையெல்லாம் கொடுத்து, அடித்தளத்தைச் சரியாகப் போட்டவர் அவர்தான். 1907-ல் அவரும் போதுமடா சாமி என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு எரிச்சல். இனி ராஜினாமா பண்ண முடியாத ஆளைப் போடுகிறேன் என்று முடிவு கட்டி ராணுவத்திலிருந்து கோதல்ஸைக் கூப்பிட்டார். ராணுவத்தான் வேலை பிடிக்கவில்லை என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு கப்பல் ஏற முடியாதல்லவா.

அங்கே இருந்த ஜனங்களுக்கு இது பிடிக்கவில்லை. பட்டாளத்தான் வருகிறான், இனி சல்யூட் அடித்தே சாக வேண்டும் என்று பயந்தார்கள். முதல் கூட்டத்திலேயே அவர் சொல்லிவிட்டார்: நான் இப்போது தலைமை தாங்குவது பனாமாப் படைக்கு, எதிரி யாரென்றால் குலேப்ரா மலையும் பூட்டுகளும் அணைகளும், தன் வேலையைச் செய்கிறவனுக்கு என்னிடம் பயம் வேண்டாம் என்ற பொருளில். சொன்னபடியே அங்கே இருந்த காலம் முழுக்க அவர் ராணுவ உடுப்பு போடவே இல்லை. வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சராய், ஓயாத சிகரெட். காலையில் மஞ்சள் பெயின்ட் அடித்த ஒரு மோட்டார் ரயில்வண்டியில் ஏறிப் பாதை நெடுக இறங்கி இறங்கிப் பார்ப்பார். தொழிலாளிகள் அந்த வண்டிக்கு 'மஞ்சள் அபாயம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! தூரத்தில் மஞ்சளைப் பார்த்தால் உட்கார்ந்திருந்தவனும் எழுந்து மண்வெட்டியைப் பிடிப்பான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

குலேப்ராவில் கால்வாய் வெட்டைப் பார்த்தபடி அவருடைய அலுவலகம். ஞாயிறு காலை தொடங்கி மதியம் வரைக்கும் கதவு திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் வரலாம். வெள்ளைக்காரன், கறுப்பன், எஞ்சினியர், டிரைவர், கிடங்கில் மூட்டை சுமக்கிறவன், அவன் பெண்டாட்டி. முதலில் வந்தவனுக்கு முதல் இடம். ஸ்பானியர், இத்தாலியர் பேச்சைக் கேட்டுச் சொல்ல மொழி தெரிந்த ஆள் உண்டு. சில ஞாயிறுகளில் நூறு பேர் வரைக்கும் வந்தார்களாம். என்ன குறை? மேஸ்திரி திட்டிவிட்டான், கூலியில் பிடித்துவிட்டார்கள், கடையில் கொடுத்த இறைச்சி சரியில்லை, எனக்குக் கொடுத்த வீட்டைவிடப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்த வீடு பெரிசு, புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான். கால்வாய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நாற்பதாயிரம் பேருக்கு மேல் வேலை செய்த இடம் அது. புருஷன் பெண்டாட்டி சண்டையும் இறைச்சி நாற்றமும் மறுநாள் காலையில் வேலைத்தளத்துக்கு வந்துசேரும் என்று அந்த மனுஷனுக்குத் தெரிந்திருந்தது. சின்ன விஷயத்துக்கு அங்கேயே முடிவு சொல்வார், பெரிய விஷயத்தை விசாரிக்க ஆள் அனுப்புவார். எதற்கும் "மேலே எழுதியிருக்கிறோம்" என்ற பதில் கிடையாது, அவருக்கு மேலே அங்கே யாரும் கிடையாது. 1908 ஜனவரியில் ரூஸ்வெல்ட் ஓர் ஆணை போட்டு, கால்வாய் வேலையை நடத்திய கமிஷனின் அதிகாரத்தை ஏறக்குறைய முழுசாக அவர் கையில் கொடுத்திருந்தார்.

உடனே நீங்கள் சொல்வீர்கள், அண்ணாச்சி, அவர் குட்டி ராஜா, நாங்கள் உதவிப் பொறியாளர், எங்களுக்கு ஒரு மதகுப் பலகையை மாற்றவே எஸ்டிமேட் போட்டு மேலே அனுப்ப வேண்டும், நாங்கள் உட்கார்ந்து என்ன செய்ய என்று. நியாயம்தான். ஆனால் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் உங்களிடம் காசு செலவாகிற காரியத்தைக் கேட்கப் போவதில்லை. தண்ணீர் எப்போது திறப்பீர்கள், எத்தனை நாள் விடுவீர்கள், எந்தக் குளம் முதலில், என் குளத்துக்கு ஏன் வரவில்லை. இவ்வளவுதான் கேள்வி. இதற்குப் பதில் சொல்ல நிதி ஒதுக்கீடு வேண்டாம், பதில் தெரிந்த ஒரு ஆள் கண்ணுக்கு முன்னால் இருந்தால் போதும். எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தண்ணி வருதுங்காவ. என்னைக்கு வரும்னு ஒருத்தரும் சொல்ல மாட்டக்காவ. நாத்துப் பாவவா வேண்டாமா?" கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுநாள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆனால் மனு எழுதி, பஸ் ஏறி, கொக்கிரகுளத்தில் வரிசையில் நின்று கொடுக்கிற காகிதம் கால்வாய்க்குத் திரும்பி வருவதற்குள் நாற்று முற்றிவிடும்.

அவர் செய்த இன்னொரு காரியமும் எனக்குப் பிடிக்கும். 1907 செப்டம்பரில் வாரப் பத்திரிகை ஒன்று ஆரம்பித்தார், பெயர் கால்வாய்ப் பதிவேடு. பெரிய கட்டுரையெல்லாம் இல்லை. இந்த வாரம் எத்தனை கன கஜம் மண் வெட்டினோம், எந்த நம்பர் நீராவி மண்வாரி எவ்வளவு அள்ளியது, வேலையாட்கள் எத்தனை பேர் என்ற கணக்குதான். ஆனால் அது வந்ததும் என்ன ஆயிற்றென்றால், ஒவ்வொரு மண்வாரிக்காரனும் அடுத்தவன் எண்ணிக்கையைப் பார்த்துப் போட்டி போட ஆரம்பித்துவிட்டான். கணக்கை மறைத்து வைத்திருந்தவரைக்கும் அது மேலதிகாரியின் கவலை மட்டும்தான், வெளியே அச்சடித்துப் போட்டதும் எல்லாருக்கும் சொந்தமாகிவிட்டது.

குலேப்ராவைச் சொல்லாமல் போனால் இந்தக் கதை முடியாது. மலையைப் பிளந்து சுமார் 14 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வெடி, நூற்று அறுபது ரயில் மண். கெயிலார்ட் என்ற இன்னொரு ராணுவப் பொறியாளர் அந்தப் பகுதிக்குப் பொறுப்பு. வெட்ட வெட்டக் கரை சரிந்தது. 1907 அக்டோபரில் குக்கராச்சா என்ற இடத்தில் கனமழைக்குப் பிறகு மலைச்சரிவே நகர ஆரம்பித்து, நாளைக்குப் பதினான்கு அடி வீதம் பத்து நாள் நடந்தது. தண்டவாளம், மண்வாரி எல்லாம் உள்ளே போயிற்று. மழைக்காலத்தில் மட்டுமில்லை, வெயில் காலத்திலும் சரிந்தது. மேலே களிமண், கீழே பலமில்லாத பாறை, பாரம் தாங்காமல் சில இடத்தில் வெட்டின் அடித்தளமே மேலே புடைத்து எழுந்ததாம். முதலில் போட்ட கணக்கைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு மண்ணை அந்த ஒரு வெட்டிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. 1913-ல், முடியப்போகிற நேரத்தில், குக்கராச்சா மறுபடியும் சரிந்து குறுக்கே அடைத்துவிட்டது. கெயிலார்ட் மனம் உடைந்து இனி என்ன செய்ய என்று கேட்டாராம். கோதல்ஸ் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, என்ன செய்ய, மறுபடி தோண்டு என்றாராம். கெயிலார்ட் அந்தக் கால்வாய் திறந்ததைப் பார்க்கவில்லை, அதே வருஷம் டிசம்பரில் மூளைக்கட்டியால் இறந்துபோனார். அந்த வெட்டுக்குப் பிற்பாடு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

1914 ஆகஸ்ட் 15. ஆன்கான் என்ற கப்பல் முதல் பயணம். கோதல்ஸ் அந்தக் கப்பலின் மேல்தளத்தில் நின்று கையாட்டவில்லை. கரையோரமாக ரயிலில் கூடவே போய், ஒவ்வொரு பூட்டும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் அப்போதுதான் முதல் உலகப்போர் மூண்டிருந்தது, அதனால் பத்திரிகைகளுக்கும் இதைப் பெரிசாகப் போட நேரமில்லை. 1907-ல் போட்ட மதிப்பீட்டைவிட 2.3 கோடி டாலர் குறைச்சலாகவே செலவாகியிருந்தது, சொன்ன தேதிக்கு முன்னாடியே திறந்தும் விட்டார்கள். கான்ட்ராக்ட் வேலை பார்த்துப் பழகிய நமக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனால் நடந்ததுதான்.

இதைவிட முக்கியமானது அடுத்த வருஷம் நடந்தது. 1915 செப்டம்பரில் கரைகள் பெரிசாகச் சரிந்து கால்வாய் ஏழு மாசம் மூடிக் கிடந்தது. 1916 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தது. கோதல்ஸ் அப்போது கால்வாய்ப் பகுதியின் முதல் கவர்னர். பாராட்டு வந்துவிட்டது, நாடாளுமன்றம் நன்றி சொல்லியாயிற்று, மேஜர் ஜெனரல் பதவி உயர்வும் கிடைத்தாயிற்று, ஊருக்குப் போயிருக்கலாம். இருந்து தோண்டினார்.

அவரை ஒரு மகாத்மாவாக்கி உங்கள் தலையில் கட்டுவதாக நினைக்க வேண்டாம். எனக்கு அவர்மேல் வருத்தமும் உண்டு. அங்கே சம்பளத்தில் தங்கப் பட்டியல், வெள்ளிப் பட்டியல் என்று இரண்டு வைத்திருந்தார்கள். வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்கம், பார்படாஸிலிருந்தும் மற்ற தீவுகளிலிருந்தும் வந்த கறுப்புத் தொழிலாளிகளுக்கு வெள்ளி. வீடு வேறு, சாப்பாட்டுக் கூடம் வேறு, தபால் ஆபீசில் வரிசைகூட வேறு. இவர் வருவதற்கு முன்னாலேயே இருந்த ஏற்பாடுதான், ஆனால் இவ்வளவு அதிகாரம் வைத்திருந்த மனுஷன் அதை மாற்றவில்லை. அமெரிக்கர்கள் காலத்தில் வியாதியிலும் விபத்திலும் இறந்தவர்கள் 5,609 பேர் என்று அரசாங்கக் கணக்கு, அதில் பெரும்பாலோர் இந்த வெள்ளிப் பட்டியல்காரர்கள். கையையும் காலையும் இழந்தவர்கள் தனி. ஞாயிறு காலையில் ஒரு பார்படாஸ்காரன் வந்து கூலியைப் பற்றி முறையிட்டால் அந்தக் கூலியைச் சரிசெய்து கொடுத்திருப்பார், அந்தப் பட்டியல் ஏன் இருக்கிறது என்று கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. கூடவே வேலை செய்த சைபர்ட் என்ற பொறியாளரோடு பேச்சுவார்த்தையே சரியில்லை, கோர்காஸோடு கொசுச் செலவுக்காக முட்டல். எதிர்த்துப் பேசுகிறவனை நாட்டைவிட்டே அனுப்புகிற அதிகாரமும் கையில் இருந்தது. அப்படிப்பட்ட அதிகாரம் உங்களில் யாருக்கும் வர வேண்டாம். நான் கடன் கேட்பது அவருடைய ஞாயிற்றுக்கிழமையையும் வாரக் கணக்கையும் மட்டும்தான்.

இனி நம்ம கால்வாய்க்கு வருவோம். தாமிரபரணி, கருமேனியாறு, நம்பியாறு இணைப்பு வெள்ளநீர்க் கால்வாய். 2009-ல் தொடங்கினார்கள், 369 கோடி ரூபாய் மதிப்பு. நிலம் எடுப்பு, பாறை, சாலை, ஆட்சி மாற்றம் என்று இழுத்து, 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்து வைத்தபோது செலவு 1,060 கோடியைத் தாண்டியிருந்தது. வெள்ளாங்குழியிலிருந்து சாத்தான்குளம் பக்கத்து எம்.எல். தேரி வரைக்கும் சுமார் 75 கிலோமீட்டர். பனாமா கால்வாய் கடலுக்குக் கடல் 82 கிலோமீட்டர். நீளத்தில் பார்த்தால் அண்ணன் தம்பிதான்! அகலத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள், அதை விட்டுவிடுங்கள். அவர்கள் பத்து வருஷம், நாம் பதினாறு வருஷம். யாரையும் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. பனாமாவில் 1907-க்குப் பிறகு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரே பெயர்தான் பதில். இங்கே பதினாறு வருஷத்தில் எத்தனை பெயர்ப்பலகை மாறியிருக்கும் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். பாவம், அவர்களும் என்ன செய்வார்கள், மாற்றல் உத்தரவு வந்தால் போக வேண்டியதுதானே.

இந்தக் கால்வாய் வெட்டியது வெள்ளத் தண்ணீருக்காக. கன்னடியன் கால்வாய் வழியாக, ஆறு பெருகிக் கடலுக்குப் போகிற காலத்தில் மட்டும் இதில் திருப்பி, நாங்குநேரி, ராதாபுரம், திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்து வானம் பார்த்த குளங்களுக்குக் கொண்டுபோவது. கல்லணைக் கால்வாய் மாதிரி மாசக்கணக்கில் ஓடுகிற கால்வாய் இல்லை. வருஷத்தில் சில நாள், சில வாரம். அந்தச் சில நாளில்தான் எல்லாக் கூத்தும் நடக்கும். மற்ற நாளில் சீமை உடை முளைக்கும், மண் சரியும், ஊர்க்காரன் குப்பையைக் கொட்டுவான், எருமை இறங்கிக் கரையை உடைக்கும். வெள்ளம் வந்து, இன்று இரவு ஷட்டரைத் திறக்கிறோம் என்று முடிவு எடுக்கிற நேரத்தில் கால்வாய் எந்த நிலையில் இருக்கிறதென்று கரையிலிருக்கிற சம்சாரிக்குத் தெரிந்திருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனிடம் முன்னாடியே பேசியிருந்தால் ஒழிய.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ரயில்வே ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நின்று எண்ணூறு பேர் சிக்கிக்கொண்டார்கள். குளம் குளமாக உடைந்தது. அதே 2023-ல்தான் பனாமாவில் மழை பொய்த்து, பூட்டுகளுக்குத் தண்ணீர் கொடுக்கிற கட்டூன் ஏரி இறங்கி, ஒரு நாளைக்கு விடுகிற கப்பல் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தார்கள். அங்கே ஒரு கப்பல் கடக்க இருபது கோடி லிட்டர் போல நல்ல தண்ணீர் கடலுக்குப் போகிறது. நூறு வருஷம் ஓடிய கால்வாய்க்கே கணக்கைத் திருப்பிப் போட வேண்டி வந்தது. என்றைக்கு எத்தனை கப்பல், எவ்வளவு ஆழம் மிதக்கலாம் என்பதை அங்கே முன்கூட்டியே வெளியில் அறிவித்துவிடுகிறார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருக்கிற கப்பல்காரனும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் குளத்துக்கு வருகிற தண்ணீர்க் கணக்கும் அப்படி ஒரு பலகையில் இருக்கக் கூடாதா?

அதுதான் இரண்டாவது கோரிக்கை. ஒவ்வொரு கிளை மதகுப் பக்கத்திலும் ஒரு கரும்பலகை. தண்ணீர் ஓடுகிற நாட்களில் தேதி, திறந்த உயரம், எத்தனை கன அடி, எந்தக் குளத்துக்கு எத்தனை மணி நேரம். லஸ்கரே எழுதிவிடுவார், சாக்பீஸ் செலவுதான். வாரக் கடைசியில் அதை போட்டோ எடுத்து ஊர் வாட்ஸப் குரூப்பில் போடச் சொல்லுங்கள். தலைமடைக்காரன் அடைத்துவிட்டான், கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று கிளம்புகிற புரளியில் பாதி அன்றைக்கே அடங்கும். மிச்சப் பாதி உண்மையாக இருக்கும், அதை நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்ளலாம்.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். கட்சிக்காரர்கள் முதலில் வந்து நாற்காலியைச் சுற்றி நிற்பார்கள். வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், கோதல்ஸிடம் முதலில் வந்தவனுக்குத்தான் முதல் இடம். இரண்டு ஊர்ச் சண்டையை உங்கள் முன்னால் கொண்டுவந்து போடுவார்கள், சிலது உங்கள் தாத்தா பிறப்பதற்கு முந்தைய சண்டை, தீர்க்க முயற்சி பண்ணாதீர்கள், எந்த மதகில் எவ்வளவு என்று அளந்து காட்டுங்கள், போதும். சாதியை மோப்பம் பிடிக்கப் பார்ப்பார்கள், நீங்கள் எந்த ஊர், அப்பா பெயர் என்ன என்று நைசாகக் கேட்பார்கள். அங்கே தங்கம், வெள்ளி என்று பிரித்த மாதிரி இங்கே யாரை உட்கார வைத்துப் பேசுவது, யாரை நிற்க வைத்துப் பேசுவது என்று ஒரு பட்டியல் எழுதாமலேயே இருக்கிறது. உங்கள் நாற்காலிக்கு எதிரே ஒரு பெஞ்ச் போடுங்கள், வருகிற எல்லாரும் அதில் உட்காரட்டும். இந்த ஒரு இடத்தில் கோதல்ஸைவிட நீங்கள் பெரிய ஆளாகிவிடலாம், எந்த ஆணையும் தேவையில்லை.

பெண்கள் வர மாட்டார்கள், கூட்டத்தைப் பார்த்தால் ஒதுங்குவார்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் அவர்கள்தான், தண்ணீர் எப்போது வற்றியது என்று நாள் கணக்கு அவர்கள் மனசில் இருக்கும். நூறு நாள் வேலை நடக்கிற இடத்துக்கு நீங்களே போய்க் கேளுங்கள்.

கோதல்ஸ் 1928 ஜனவரியில் இறந்தார், வெஸ்ட் பாயிண்டிலேயே அடக்கம் செய்தார்கள். நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவுக்கும் நியூ ஜெர்சிக்கும் நடுவே ஒரு பாலத்துக்கு அவர் பெயர், பழைய பாலத்தை இடித்துப் புதுசு கட்டியபோதும் பெயரை எடுக்கவில்லை. உங்கள் பெயரை நாங்கள் எந்தப் பாலத்துக்கும் வைக்கப் போவதில்லை, அந்த ஆசை வேண்டாம். ஐப்பசி அடைமழைக்கு முன்னால், பிசான நெல்லுக்கு நாற்றுப் பாவுகிற சமயத்தில் ஆரம்பியுங்கள். முதல் ஞாயிறு என்றைக்கு, எந்த மதகுப் பக்கம் என்று சொல்லிவிட்டால் நாற்காலியும் பெஞ்சும் நாங்களே கொண்டுவந்து போட்டுவிடுவோம். நீங்கள் வரும்போது கையில் குளங்களின் பட்டியலும் போன தடவை தண்ணீர் விட்ட கணக்கும் மட்டும் இருக்கட்டும், முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

இப்படிக்கு,
மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து மானாவாரிக் குளத்துச் சம்சாரி ஒருவன்